பிட்டுத் தின்னாத வாடா

தியாகேசன் மாட்டு வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்தினார். "வீரையா, கூத்தாநல்லூர் வரைக்கும் போயிட்டு வருவமா? இறால் வாடா தின்னு ரொம்ப நாளாச்சு. செவ்வந்தியையும் கூட்டிக்க" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் நிலத்தைத்தான் நானும் என் புருஷன் வீரையனும் குத்தகைக்கு உழுகிறோம். ஒரு வாய் நீராகாரம் கொடுத்த கை இல்லை அது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

உதயசூரியன் ஆட்சியில் புதுச் சட்டம் வந்திருந்தது. அதிகாரி வயலுக்கே வந்து, அக்கம்பக்கத்தாரை விசாரித்து, குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் பெயரை எழுதிக்கொள்வார். பெயர் ஏறிவிட்டால் எங்களை அந்த நிலத்திலிருந்து யாரும் கிளப்ப முடியாது. வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். இன்று புதன். அதற்குள் எங்களை ராஜிக்கு இழுக்கத்தான் இந்த வண்டி என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வயல் தகராறு ராஜியானால், இரண்டு தரப்பும் ஹாஜா மைதீன் கடைக்குப் போய் ஒரு வாடாவைப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்பார்கள். தின்றால் பேச்சு முடிந்தது. கோர்ட்டுத் தீர்ப்பை மீறியவன் உண்டு. பிட்டுத் தின்ற வாடாவை மீறியவனை நான் பார்த்ததில்லை.

"போக வேணாம்" என்றேன்.

"போகலன்னா பயந்துட்டம்னு நினைப்பாரு" என்றார் வீரையன். அவருக்கு நாக்கு ஊறிவிட்டது என்று எனக்குத் தெரியாதா?

"அப்ப நானும் வர்றேன். அவரு பிட்டுக் குடுத்தா கையை நீட்டிடாத. முழுசா குடுத்தா தின்னு."

வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

ஹாஜா மைதீன் அரிசி மாவில் சின்ன வெங்காயத்தைப் போட்டுப் பிசைந்து, ஈர வாழையிலையில் வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டையைச் சுற்றி இறாலைப் பதித்து எண்ணெயில் நழுவ விட்டதும் தெருவே மணத்தது. அவர் கடையில் யார் வந்தாலும் ஒரே பெஞ்சுதான். தியாகேசன் என் புருஷன் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்ததைப் பார்த்து என் சந்தேகம் இரண்டு மடங்காகியது.

"என்னங்க, ராஜியா?" என்று கேட்டார் ஹாஜா மைதீன்.

"அதெல்லாம் இல்ல பாய். பசி" என்று சிரித்தார் தியாகேசன்.

ஆளுக்கு ஒன்று முழுசாக வாங்கிக் கொடுத்தார். பிட்டுக் கொடுப்பார், பிட்டுக் கொடுப்பார் என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடையதைத் தானே தின்றார். வீரையன் கண்ணை மூடிக்கொண்டு, மொறுமொறு ஓரத்தை முதலில் கடித்து, இறாலைக் கடைசிக்கு வைத்துத் தின்றார். எனக்குப் பசி காதை அடைத்தது. ஆனாலும் என் இலையைத் தொடவில்லை.

"ஏன் செவ்வந்தி, விஷமா வச்சிருக்கேன்?"

"விரதங்க."

"புதன்கிழமை என்ன விரதம்?"

"வேண்டுதலுங்க."

அடுத்த ஈடு வரட்டும் என்றார். வந்தது. இன்னொரு ஈடு சொன்னார். டீ சொன்னார். மைக்கூடு எங்கே, முத்திரைத்தாள் எங்கே என்று அவர் மடியை, துண்டை, வண்டிக்காரன் பையைக்கூடக் கண்ணால் துழாவிவிட்டேன். ஒன்றும் இல்லை. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் வண்டியைப் பூட்டச் சொன்னார். வழியெல்லாம் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். பாச்சா பலிக்கவில்லை, நான் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு அவ்வளவு பெருமை.

வயல் வரப்பில் விவசாயச் சங்கத்துக் கண்ணுசாமி நின்றிருந்தார். எங்கள் வயலில் தியாகேசனின் மருமகன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்களை இறக்கிவிட்டதும் வண்டி தியாகேசன் வீட்டுப் பக்கம் போய்விட்டது.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்ன அதிகாரி இன்னிக்கு மத்தியானமே வந்துட்டுப் போயிட்டாரு" என்றார் கண்ணுசாமி. "யாரு பயிர் பண்றதுன்னு கேட்டாரு. இந்த மருமகன் நான்தான்னு சொன்னான். அவன் பேரை எழுதிக்கிட்டாரு."

"நீங்கல்லாம் நின்னீங்கல்ல? எங்க பேரைச் சொல்லலியா?" என்று கேட்டார் வீரையன்.

"எப்படிச் சொல்லச் சொல்ற? வெளுத்த துணி கட்டிக்கிட்டு, புருஷனும் பொண்டாட்டியுமா அவரு வண்டியில கூத்தாநல்லூருக்குப் போனீங்க. ஊரே பார்த்துச்சு. ராஜியாயிட்டீங்கன்னு நினைச்சோம். எங்களையும் கேட்டாரு, விட்டுக்குடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டோம்."

"சத்தியமா நான் ஒரு விள்ளல் தின்னல அண்ணே! இவரும் பிட்டுத் தின்னல!" கத்திவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கண்ணுசாமி என்னை நம்பவில்லை. நான் தியாகேசனைப் பார்த்த அதே பார்வையைத்தான் அவர் என்மேல் வைத்திருந்தார்.

"அப்ப எதுக்குத்தான் போனே?"

"அந்த ஆளு என்ன பண்றாருன்னு பக்கத்துல இருந்து பார்க்கத்தான்."

கண்ணுசாமி உழுத மண்ணைக் கையால் காட்டினார்.

"அவரு பண்ணுனதெல்லாம் இங்கதானே நடந்துச்சு, செவ்வந்தி."