வாயால் திறந்த சிலிண்டர்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு ஆம்புலன்ஸில் என்ன வேலை என்று அந்தக் காலத்தில் அவளைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "நாத்தனார் இழுத்துட்டுப் போயிட்டா." அதில் பொய் ஒன்றும் இல்லை. வாரநாட்களில் டவுன் பஸ் ஓட்டிய நாத்தனார், சனிக்கிழமைகளில் தன்னார்வக் குழுவின் ஆம்புலன்ஸை ஓட்டினாள். பின்னால் உட்கார ஆள் குறைகிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டாள். அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டுக் குழு முழுக்க அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தது. அவளைவிடப் பத்து வயது மூத்த பயிற்சியாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். என்ன கொடுமை!

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள், அதுதான் குழுவின் இடம். ஒன்றில் படுக்கை விரிப்புகளும் கட்டுத்துணியும் அடுக்கிய இரும்பு அலமாரி. இன்னொன்றில் ஒரு கால் ஆடும் மேசை, டீ ஃபிளாஸ்க், சுவரில் பச்சை மையில் எழுதிய முறை அட்டவணை. தரையில் பயிற்சிப் பொம்மை படுத்திருக்கும். ஆளாளுக்கு உபசரிக்க, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் படுத்தே கிடந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். "மாப்பிள்ளைக்கு மூச்சு வருதா பாரு" என்றால் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த அறையில் சிரித்த சிரிப்பு அப்புறம் எந்த இடத்திலும் அண்ணிக்குக் கிடைக்கவில்லை. இப்போது குழுவுக்கு மாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம் எல்லாம் இருக்கிறது. இருந்து என்ன செய்ய?

பயிற்சியாளருக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். பிழைப்புக்குப் பிளம்பர். எதையும் அளக்காமல் விடமாட்டார். பெல்ட் பூட்டாமல் வண்டியை நகர்த்தினான் என்பதற்காகத் தன் சொந்த மைத்துனனையே மூன்று மாதம் வண்டியில் ஏறக்கூடாது என்று உட்கார வைத்த மனுஷன். ஆனால் ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிலிண்டர் நிரப்பும் லாரி மாதம் ஒருமுறைதான் வரும். அதனால் வகுப்பில் சிலிண்டரைத் திறக்க விடமாட்டார். மாப்பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, சிலிண்டரை ஒரு தட்டுத் தட்டி, "ஆக்சிஜன் ஆன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் செய்த மாதிரி. மார்க் விழுந்துவிடும்.

அண்ணி இரண்டு வருஷம் அப்படித்தான் சொன்னாள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். மீட்டரும், "குரல்னா இது குரல்!" என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

ஒரு சனிக்கிழமை மதியம், மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவர் மூச்சு முட்டிக் கிடப்பதாக அழைப்பு வந்தது. லிஃப்ட் இல்லை. நாத்தனார் ஸ்ட்ரெச்சர் நாற்காலியை இறக்கிக்கொண்டிருக்க, அண்ணி முதலுதவிப் பெட்டியையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். ஆசிரியர் பியானோவில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணிக்கு எல்லாம் ஓடியது. மாஸ்க்கை மாட்டினாள், நாடியைப் பிடித்தாள், சிலிண்டரைத் தட்டி, "ஆக்சிஜன் ஆன்" என்று அந்த வீடே அதிரச் சொன்னாள்.

ஆசிரியர் மாஸ்க்கைப் பிய்த்து எறியப் பார்த்தார். அவள் விடவில்லை. "ஐயா, கழட்டாதீங்க, இதுதான் உங்களுக்கு நல்லது" என்று அவர் கையைப் பிடித்து அழுத்தி வைத்தாள். அவர் உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

படியேறி வந்த நாத்தனார் ஒரு பார்வைதான் பார்த்தாள். மாஸ்க்கில் தொங்கிய பிளாஸ்டிக் பை காற்றில்லாமல் சுருங்கிக் கிடந்தது. குனிந்து சிலிண்டர் தலையிலிருந்த சாவியைத் திருப்பினாள். பை புஸ்ஸென்று உப்பியது. கொஞ்ச நேரத்தில் ஆசிரியரின் முகத்தில் நிறம் திரும்பியது. அவருடைய மனைவி அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள். அதைவிடக் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அவரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது அண்ணி கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி."

"சத்தியமா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? சொல்ல வேண்டியது நீங்கதானே?"

அந்த வாரம் முழுக்க அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு அளந்த லென்ஸை இன்னொருவருக்குப் பொருத்தினாள். சொன்னால் வண்டி போய்விடும். மைத்துனனுக்கே மூன்று மாதம் என்றால் இவளுக்கு? கடை, சமையல், கணவனின் சட்டைப் பொத்தான் என்று ஓடிய வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். சொல்லாவிட்டாலோ? அதே வகுப்பில் அதே மாதிரி தட்டிப் பழகியவர்கள் இன்னும் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலையில், வண்டி கிளம்பும் முன் வாராந்திரக் கூட்டம். மீட்டர் ஏட்டைப் பிரித்து, "போன வாரம் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?" என்று கேட்டார். யாரும் வாய் திறப்பது வழக்கமில்லை. அண்ணி எழுந்து நின்றாள். மூன்றாம் மாடியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கையைத் தான் அழுத்திப் பிடித்ததையும் சொன்னாள்.

"வகுப்புல எப்படிச் செஞ்சேனோ அப்படியே செஞ்சேண்ணே. தட்டினேன், சொன்னேன். திறக்கல. திறக்கணும்னு தோணவே இல்ல. என்னை வண்டியை விட்டு எறக்கணும்னா எறக்கிடுங்க."

பின்வரிசையில் இருந்த பேக்கரிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் ஒரு தடவை ஆயிருக்கு. ரோட்டுல. பக்கத்துல இருந்தவர் பார்த்துச் சொன்னாரு."

"எனக்கு ரெண்டு தடவை" என்றாள் வங்கியில் வேலை பார்த்த பெண், தலையைத் தூக்காமல்.

எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். கத்தப்போகிறார் என்று அண்ணி காத்திருந்தாள். அவர் ஏட்டை மூடினார்.

"போன வருஷம் சந்தைக்குப் பக்கத்துல ஒரு தபால்காரர் விழுந்தாரே" என்றார். "நான்தான் போனேன். பின்னாடி நான் மட்டும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்கல. ஆக்சிஜன் ஆன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. சாவியைத் திருப்பினேனான்னு..." மூடிய ஏட்டைத் தள்ளி வைத்தார். "இப்ப நீ சொல்ற வரைக்கும் அந்தக் கேள்வியே எனக்குத் தோணல அண்ணி."

அன்றைக்கு யாரையும் வண்டியை விட்டு இறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் சிலிண்டரை நிஜமாகவே திறந்தார்கள். லாரிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி மாதம் இரண்டு முறை வரவழைத்தார்கள்.

தபால்காரருடையது பெரிய மாரடைப்பு, எத்தனை சிலிண்டர் திறந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் பிற்பாடு சொன்னார். நாத்தனார் ஓடிப் போய் அதை மீட்டரிடம் சொன்னாள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் அவர் தபால்காரர் கதையைச் சொன்னார். டாக்டர் சொன்னதை ஒரு தடவைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. அண்ணிக்கு அது பொறுக்காது. "ஏண்ணே உங்களை நீங்களே இப்படிப் போட்டுக் குத்திக்கிறீங்க?" என்று கேட்டால், "நீ உன் கதையைச் சொல்லு அண்ணி, என் கதையை எனக்கு விடு" என்பார். அப்படி ஒரு பிடிவாதக்காரர்! போன வருஷம் அவரும் போய்விட்டார்.

நேற்று மாடிக் கட்டடத்தில் புது வகுப்பு. முதன்முதலாக அண்ணிதான் நடத்தினாள். நாத்தனார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி முதலில் தன் கதையைச் சொன்னாள், அப்புறம் அவருடையதை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

"அன்னிக்கு அவர் சாவியைத் திருப்பியிருந்தா அந்தத் தபால்காரர் பிழைச்சிருப்பாரா, மேடம்?"

பதில் அண்ணியின் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல மனுஷன், அவர்மேல் தப்பில்லை என்று கத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. பின்வரிசையில் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட்டால் இந்தப் பதினோரு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"திருப்பினாரா இல்லையான்னே அவருக்குத் தெரியாது" என்றாள் அண்ணி. "உனக்கும் தெரியாமப் போயிடக் கூடாது. எழுந்து வா, சிலிண்டரைத் திற."