சாக மறுத்த மந்திரவாதி

முதல் மூன்று பாகமும் என் குரலில்தான் வந்தன. மந்திரவாதியே தன் கதையைச் சொல்வதாக எழுதப்பட்ட தொடர் அது. ஒலிப்புத்தகம் கேட்கிறவர்களுக்கு அந்த மந்திரவாதி நான்தான். கடையில் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாலாவது பாகத்தில் எழுத்தாளருக்கு என்ன புத்தி கெட்டதோ, கதை சொல்கிற வேலையைச் சூனியக்காரியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். மந்திரவாதி முதல் பக்கத்திலேயே செத்துப்போகிறான்.

சூனியக்காரிக்குக் குரல் கொடுக்கப்போவது என் பெண்டாட்டி.

பொம்மைப் படங்களில் அணிலுக்கும் குரங்குக்கும் பேசிக்கொண்டிருந்தவள். நான் சிபாரிசு செய்து இந்தத் தொழிலுக்குள் வந்தவள். இதற்கு ஒப்புக்கொண்டபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எங்கள் பேச்சு, உப்பு எங்கே என்பதோடு சரி.

என் கையில் ஒரே ஒரு பிடி இருந்தது. மந்திரவாதியின் கடைசி முனகல் மட்டும் என் குரலில் வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்டிருந்தார்கள். அது இல்லாமல் புத்தகம் வெளியே போகாது. பாதிக் கதையை எனக்குக் கொடுத்தால்தான் சாவேன் என்று முடிவு கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

மைக்கின் முன்னால் நின்று வேண்டுமென்றே சொதப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார்.

"சார், சாகற மாதிரி இல்ல. கொட்டாவி விடற மாதிரி இருக்கு."

"எனக்குச் சாவு வரல. பதிப்பகத்துக்கு ஃபோன் பண்ணுங்க. பாதிக் கதை எனக்குக் குடுத்தா மந்திரவாதி நல்லபடியா சாவான்."

அவர் பின்னால் உட்கார்ந்திருந்த என் பெண்டாட்டி, கையிலிருந்த தாள்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வந்து கெஞ்சுவாங்கன்னு நினைக்காதீங்க."

"நீ அணிலுக்குப் பேசு. இது பெரியவங்க விவகாரம்."

"பெரியவங்கதானே, ஒழுங்கா செத்துக் காட்டுங்க."

நான் டீ குடிக்கப் போய்விட்டேன். கையைப் பிசைந்துகொண்டு கிடக்கட்டும் என்று ஒரு டீயை ஆற அமரக் குடித்தேன்.

திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் அந்த முனகல் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஆரம்பித்துத் தொண்டையில் சிக்கி, கடைசியில் மூக்கு வழியாக லேசான விசிலோடு வெளியேறியது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"பாத்தீங்களா?" என்றேன். "சொதப்பினதுலயே இப்படி ஒண்ணு விழுந்திருக்கு. வேற எவனாவது இத செய்ய முடியுமா? இதுக்குத்தான் பாதிக் கதை கேக்கறேன்."

ஒலிப்பதிவாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், அது அக்கா பண்ணது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால் அவள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார்.

அவள் பதில் ஒலிபெருக்கி வழியாக வந்தது. "தினம் காலைல கட்டில்ல இருந்து எழுந்திருக்கும்போது இப்படித்தானே முனகறீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பக்கத்துல படுத்துக் கேக்கறேன்." பிறகு ஒலிப்பதிவாளரைப் பார்த்து, "நாம அடுத்த பக்கம் போலாமா?" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வீட்டில் ஒரு நாளும் கேட்டிராத குரலில் அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

"அவன் போய்விட்டான். இனி நான் சொல்கிறேன்."

நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.