திராட்சை ஜூஸும் கார் சாவியும்

சின்னவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புருஷன் வாயைத் திறக்கச் சொல்வது அதைவிடப் பெரிய வேலை.

"ஆ காட்டுங்க."

லிஃப்ட் மெக்கானிக்கான அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆ காட்டுவான். குடியை விடவைக்கும் மையத்திலிருந்து திரும்பிய நாள் முதல் இதுதான் நடைமுறை. "கடவாய்ப் பல்லுல சொத்தை இருந்தா அதையும் பாத்துச் சொல்லிடு" என்பான். அவளுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வாள். முன்பெல்லாம் காலையில் சத்தியம் செய்துவிட்டுச் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தவன்தானே. ஒரு நாள் கேட்டைத் திறக்காமலே காரோடு உள்ளே வந்துவிட்டான். அன்றைக்கு அவள் கைப்பைக்குள் போன சாவி அப்புறம் அவன் கைக்கு வரவேயில்லை. அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்கள் பின்னறையில் பாட்டிலைத் திறந்தார்கள். மெக்கானிக் கூடத்திலேயே உட்கார்ந்து ஒரு பெரிய டம்ளர் நிறையத் திராட்சை ஜூஸ் வாங்கிக்கொண்டான். நல்ல கருஞ்சிவப்பு. உள்ளே எதைக் கலந்தாலும் தெரியாது. அவன் கை கழுவப் போன நேரத்தில் சின்னவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். ஜூஸ்தான். நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள்.

அவள் நகர்ந்ததும் அக்கா வந்து ஒரு வாய். அடுத்து அம்மா. அம்மாவுக்கு ருசி சட்டென்று பிடிபடாததால் நாலைந்து வாய்.

மெக்கானிக் திரும்பி வந்து காலி டம்ளரைத் தூக்கிப் பார்த்தான். "என் ஜூஸ் எங்க?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சின்னவளையும் சேர்த்து மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். அம்மாவின் மேலுதட்டில் ஊதா மீசை.

"அத்தை, நல்லா இருந்துச்சா?"

"சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல், மாப்பிள்ளை."

அவன்தான் முதலில் சிரித்தான். "இன்னொரு டம்ளர் குடுங்க. இந்தத் தடவை எனக்கும் ஒரு வாய் வைங்க." சின்னவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

சாப்பாடு முடிவதற்குள், விருந்துக்கு வந்திருந்த அக்கா வீட்டுக்காரரின் மேனேஜர் மட்டையாகும் நிலைக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் போயே தீருவேன், நானே ஓட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். டாக்ஸியை வரவழைத்தார்கள். டிரைவர் அவரை ஒரு பார்வை பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அக்கா வீட்டுக்காரரோ கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "சகலை, இந்த வீட்டுல தெளிவா இருக்கிற ஆம்பளை நீ ஒருத்தன்தான்" என்றார். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் திகைத்துப்போனார்.

எல்லார் கண்ணும் சின்னவளின் கைப்பைமேல் விழுந்தது. மேனேஜர் கையில் பாதிப் பாட்டில் இருந்தது. பிடுங்கப் பார்த்தால் குழந்தை மாதிரி அழுதார். அந்தப் பாட்டிலோடு ஒரே காருக்குள் இவனை அனுப்புவதா?

"பயமா இருந்தா குடுக்காத. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றான் அவன். குரலில் வீறாப்பு இல்லை.

தானே ஓட்டலாமா, கூடவாவது போகலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். போனால் அதுவும் இன்னொரு 'ஆ காட்டுங்க'தான். சாவியை நீட்டினாள். விரல்தான் உடனே விடவில்லை. அவன் மெல்ல இழுத்துக்கொண்டான்.

அரை மணியில் போய்வரக்கூடிய தூரம். ஒரு மணி நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். "போன் பண்ணிப் பாரேன்டி" என்றாள் அக்கா. சின்னவள் மாட்டேன் என்று பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்ததையே எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் சோப்புக் கையோடு ஓடினாள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்ததும் குப்பென்று வாடை. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"குடிக்கல. சொல்றதைக் கேளு" என்றான். "அந்த ஆள் இறங்கும்போது பாட்டிலை சீட்டுலயே விட்டுட்டார். வர வழியில மூடியைத் திறந்துட்டேன்டி. வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன். அப்புறம் வண்டியை ஓரங்கட்டிட்டு, மையத்துல என்கூட இருந்த தையல்காரருக்குப் போன் போட்டேன். சாக்கடையில ஊத்துற சத்தம் கேட்டாத்தான் வைப்பேன்னுட்டார் மனுஷன். கை நடுங்கி பாதி சட்டையில ஊத்திக்கிட்டேன்."

சின்னவள் சோப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்ததை யாரும் பார்க்கவில்லை. சட்டை நனைந்ததற்குக் காரணம் மேனேஜர்தான் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. அவ்வளவு சுலபமான பொய்யை அவன் விட்டுவைத்தது இதுதான் முதல் தடவை. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவதென்று புரியாமல், "சட்டையைக் கழட்டுங்க, அக்காகிட்ட மாமா சட்டை ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றாள்.

மாமாவின் பெரிய சட்டைக்குள் அவனைத் தேடத்தான் வேண்டியிருந்தது. கை நடுக்கம் நிற்காததால் அவளே ஓட்டினாள். முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் நடைபாதையில் ஏறித் தப்பித்தார். மெக்கானிக் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"என்ன, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"முழுசா இருக்கு" என்றான். "எதிர்ல பஸ் வருது, அதையும் கொஞ்சம் பாத்துக்கோ."