ஆறு மாச நோயாளி

"இன்னும் கொஞ்சம் நல்லா இருமுங்கம்மா. இது என்ன, தொண்டையைச் செருமுற மாதிரி இருக்கு."

சுகாதார அதிகாரி செல்போனை நிமிர்த்திப் பிடித்தார். மருந்து அறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டப்பாக்கா, அடிவயிற்றிலிருந்து இழுத்து இருமினாள். முகம் வெளிறித் தெரிய வேண்டுமென்று உதடு வரைக்கும் பவுடர் பூசியிருந்தார்கள். முடியைக் கலைத்துவிட்டதும் அதிகாரியம்மாதான்.

சளிப் பரிசோதனை டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் என்பதால் அந்தப் பேர். யார் முதலில் கூப்பிட்டார்களோ தெரியாது, இப்போது அலுவலகத்திலும் அதே பேர்தான். வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் தற்காலிகம்தான். ஒவ்வொரு வருஷமும் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேலை.

சோஷியல் மீடியாவில் எல்லாச் சுகாதார நிலையமும் பக்கம் தொடங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மாதக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுவார்களாம். கை கழுவுவதைப் போட்டார்கள், கொசுவை விரட்டுவதைப் போட்டார்கள். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. காசநோய் வந்த ஒருத்தர் நேரடியாகப் பேசினால் எடுபடும் என்று அதிகாரிக்குத் தோன்றியது. முகத்தைக் காட்ட எந்த நோயாளி வருவார்?

"நீங்களே பேசிடுங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படியாச்சே," என்றார். கையெழுத்துப் போடுகிற கை கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பேசினாள். எனக்கு டிபி வந்திருக்கு, மருந்து சாப்பிடுறேன், இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை என்று ஆரம்பித்தவளுக்கு, புருஷனும் பிள்ளைகளும் தனித் தட்டு வைத்துவிட்டதாகப் போன மாதம் குமுறி அழுத ஒரு தையல்காரி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. "பிரமாதம்!" என்றார் அதிகாரி.

பிரமாதமாகத்தான் ஓடியது. பஸ்ஸில், சலூனில், கல்யாண வீட்டுப் பந்தலில் என்று கை மாறி மாறிப் போய், கடைசியில் அவள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

வீட்டின் முன்பக்கம்தான் டீக்கடை. பின்னால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அவள் புருஷன் டீ ஆற்ற, வேலைக்குக் கிளம்புமுன் அவள் கிளாஸ் கழுவித் தருவாள். அன்றைக்கு, தினமும் வருகிற வேன் டிரைவர் அவள் கையையும் தண்ணீர் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குப் பேப்பர் கப்புல குடுங்கண்ணே."

மறுநாள் எல்லோரும் பேப்பர் கப் கேட்டார்கள். அப்புறம் கேட்கவே வரவில்லை. எதிர்ச்சாரிக் கடையில் உட்கார இடமில்லாமல் நின்று குடித்தார்கள்.

"நடிப்புன்னு தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லிப் பாத்துட்டேன். அப்படி அழுவுறாங்களே, அது எப்படிண்ணே நடிப்பாகும்னு கேக்குறானுங்க," என்றான் புருஷன். "நல்லா நடிச்ச போ. நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டோம்."

அவளே சளி கொடுத்துப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்ற சீட்டை வாங்கி வந்தாள். அதைப் புருஷன் விலைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினான். எட்டி நின்று படித்த ஓர் ஆள், "அங்கயே வேலை பாக்குறவங்க. ஒரு சீட்டு எழுதி வாங்குறதா பெரிய விஷயம்?" என்று சிரித்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

அவள் அதிகாரியிடம் போய் நின்றாள்.

"அந்த வீடியோவை எடுத்துடுங்க மேடம். கடையில ஈ ஓட்டுறோம்."

"ஐயோ, எடுக்கிறதா? ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க. நம்ம நிலையம்தான் முதலாவதுன்னு எல்லார் முன்னாடியும் கைதட்டினாங்க."

"அப்ப நடிப்புன்னாவது கீழ ஒரு வரி போடுங்க."

"போட்டா, மருந்தும் பொய், ஆஸ்பத்திரியும் பொய்னு கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க." அதிகாரி நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். குரலில் நிஜமான கரிசனம் இருந்தது. "யோசிச்சுப் பாருங்க. எனக்கு அந்த வியாதி இல்லவே இல்லைன்னு நீங்களே ஊரைக் கூட்டிச் சொன்னா, உண்மையா வந்தவங்க மனசு என்ன பாடுபடும்? வெட்கப்படக் கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

தினமும் வாசல் வாசலாக நின்று அதைத்தான் சொல்கிறாள்.

"ஆறாவது மாசம், குணமாயிட்டேன்னு ஒண்ணு எடுத்துப் போட்டுடலாம். எல்லாம் சரியாயிடும்."

"அதை இப்பவே போட்டுடலாமே மேடம்!"

"ஆறு மாச மருந்தும்மா. அரைகுறையா நிறுத்தலாம்னு நீங்களே சொல்லிக் குடுப்பீங்களா?" என்று அதிகாரி செல்லமாகக் கடிந்துகொண்டார். "அடுத்த வாரம் ரெண்டாவது மாச வீடியோ. அதுல இவ்வளவு பவுடர் வேண்டாம், கொஞ்சம் தேறின மாதிரி இருக்கணும்."

சாயங்காலம் பெயிண்டர் வீட்டுக்குப் போனாள். வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவன். நடையாய் நடந்து கெஞ்சி, சளி தருகிறேன் என்று சம்மதிக்க வைத்திருந்தாள். அவன் கதவைப் பாதிதான் திறந்தான். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து கிடந்தது.

"டப்பாவை எடுத்துட்டுப் போக்கா. ஆஸ்பத்திரிக்காரி உனக்கே இந்தக் கதி. எனக்குத் தெரிஞ்சா எவன் வீட்டுக்குள்ள விடுவான், எவன் சுவர் தருவான்?"

"எனக்கு ஒண்ணுமில்லடா தம்பி. அது சும்மா நடிச்சது."

"நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கேன். பெயிண்ட் தூசின்னு." சொல்லும்போதே இருமல் முட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே வெகுநேரம் இருமினான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை நாளாயிற்று! அதில் ஒருத்தர் வேன் டிரைவர். அவளுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை, நடையை எட்டிப் போட்டாள். அதற்குள் புருஷன் அவளைப் பார்த்துவிட்டான். பால் சட்டிக்கு மேலாகக் கண்ணாலேயே, சுற்றிப் போ என்றான்.

சந்து வழியாகச் சுற்றி, சாக்கடையைத் தாண்டிப் பின்கதவால் நுழைந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயை ஊற்றி மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். கடைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"அண்ணி இல்லியாண்ணே?" என்று வேன் டிரைவர் கேட்டார்.

"அனுப்பிட்டேன் தம்பி. அவங்க அம்மா வீட்டுக்கு. நல்லா ஆகி வரட்டும்."

அவள் அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"அதான் சரிண்ணே. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், என்ன பண்றது?" பெஞ்சு நகர்ந்தது. "ரெண்டு டீ போடுங்க. பேப்பர் கப்பெல்லாம் வேண்டாம், கிளாஸ்லயே குடுங்க."

கரண்டியை மறந்து கேட்டுக்கொண்டு நின்றதில் மிளகாய் கரிந்துவிட்டது. நெடி குப்பென்று ஏறியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பிடித் துணியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையில் குந்தினாள். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணில் நீர் வழிந்தது. மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் டீயை நிதானமாக ஆற்றுகிற சத்தம் கேட்டது.