வாயாடி

இறந்துபோன அப்பாவின் கன்னத்தில் மகள் நுரை தடவி ரேசரை வைத்த நேரத்தில் அழைப்புமணி அடித்தது. மருத்துவமனையில் எத்தனையோ உடல்களுக்கு அவள் செய்த வேலைதான். கதவைத் திறந்த கணவர், "மாமாவோட உடற்பயிற்சி வகுப்புலேர்ந்து வந்திருக்காங்க," என்றார்.

நேற்றுக் காலை அந்த வகுப்பில்தான் அப்பா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார்.

ஏழெட்டுக் கிழவர்களும் கிழவிகளும் மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள். அவர்களில் தையல்கார அம்மாள் உடலருகே வந்து உடைந்துபோனாள்.

"எங்க வாயாடி இப்படி வாய மூடிட்டுக் கிடக்கிறாரே!"

"யாரு வாயாடி?" என்றாள் மகள்.

"உங்கப்பாதாம்மா," என்றார் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். "அவர் கதைய ஆரம்பிச்சா, தூக்குன கைய இறக்க மறந்துடுவோம்."

வீட்டில், சாப்பிட்டாச்சா என்றால் 'ம்'. மாத்திரை போட்டாச்சா என்றால் அதற்கும் 'ம்'. அதுதான் அப்பாவின் சுபாவம் என்று அவள் நினைத்திருந்தாள்.

தையல்கார அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னப்பவே நாங்க விட்டிருக்கக் கூடாது."

ரேசர் நின்றது.

"எப்ப சொன்னார்?"

தையல்கார அம்மாள் பஸ் டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப சொன்னார்னு கேக்கறேன்."

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்தே அப்படித்தாம்மா," என்றார் அவர்.

மழைக்காலம் முடிந்து வெயில்காலமே வந்துவிட்டது.

"நான் நர்ஸ். பக்கத்து ரூம்லதான் படுக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்கள்ல ஒருத்தருக்குமா தோணல?"

"சத்தியம் வாங்கிட்டார்மா," என்றார் டிரைவர். "தெரிஞ்சா எம்பொண்ணு வகுப்ப நிறுத்திடுவா, அப்புறம் நான் செவுத்தோடதான் பேசணும்னார்."

"நிறுத்தியிருப்பேன்தான். உயிரோட இருந்திருப்பாரே!"

டிரைவர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருப்பார்," என்றார்.

அவள் எதிர்பார்த்த மன்னிப்புக் கேட்கும் தொனி அந்தக் குரலில் இல்லை.

"போயிடுங்க. எல்லாரும் போயிடுங்க."

அவர்கள் வாசலுக்குத் திரும்பினார்கள். தையல்கார அம்மாள் மட்டும் அப்பாவின் பாதத்தைப் போர்வைக்கு மேலாக ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

திறந்திருந்த கதவு வழியாக அவள் பார்த்தாள். மாடிப்படியில் டிரைவர் ஒரு படி முன்னால் இறங்கித் தோளைக் கொடுத்தார். தையல்கார அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினாள், பிறகு அடுத்ததை. பின்னால் இருந்தவர்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி காத்து நின்றார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை.