யூலியின் பெயரில்

...நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டால் என்ன, ஒரு வாக்கியம், மூன்று நொடி, ராத்திரி முழுக்க முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வாய்க்கு இதுவா பெரிய வேலை, மேடம், அதை எழுதியது என் தங்கை இல்லை, நான், அவ்வளவுதான், எழுந்து வந்துவிடலாம், ஆனால் அந்த மூன்று நொடியில் யூலியின் பாதிக் கட்டண உதவி போய்விடும், உதவி போனால் பள்ளிக்கூடம் போய்விடும், பள்ளி ஒப்பந்தத்தின் ஏழாவது விதி அப்படித்தான் சொல்கிறது, மாணவி பயன்படுத்தும் கணினியை வேறு எவரும் தொடக்கூடாது. தொட்டவன் நான். கணினியும் என்னுடையது. கால் சென்டரில் சேர்ந்த முதல் வருடப் போனஸில் துவார்த்தே அவென்யூவில் ஒரு கடைக்காரனோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி வாங்கியது, பழையது, பாட்டரி அப்போதே செத்துப்போயிருந்தது... என் கணினியை நான் தொட்டது குற்றம். இதைச் சிரிக்காமல் யாரிடமாவது சொல்ல முடியுமா? பள்ளிக்குப் போகிற ஷேர் டாக்சியின் முன்சீட்டில் இரண்டு பேர், நானும் மடியில் பச்சை வாழைக்காய்ப் பையோடு ஒரு அம்மாளும், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் முழங்கை என் வயிற்றில், பின்னால் நான்கு பேர், பாலத்தின் மேல் வண்டிகள் நகரவில்லை. "கொஞ்சம் ஒட்டி உக்காருங்கம்மா, கல்யாணமா பண்ணிக்கச் சொல்றேன்" என்றார் ஓட்டுநர். "இவன் மூஞ்சியப் பாத்தா ஏற்கனவே விவாகரத்து ஆன மாதிரி இருக்கு" என்றாள் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், குரலில் சிரிப்பு இருக்கவேண்டும், பயிற்சியில் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், உதடு விரியாமல் சிரித்தால் அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரிந்துவிடுமாம், அதனால் உதட்டை விரித்துவிட்டுப் பேசு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

எட்டு மணி வரை கட்டாய ஓவர்டைம், ஒன்பதரைக்குச் சந்திப்பு, வீட்டுக்குப் போய்த் துணி மாற்ற நேரமில்லை. அரைக்கால் சட்டையோடு வந்திருக்கிறேன் என்பதே பள்ளி வாசலில் இறங்கிய பிறகுதான் உறைத்தது, கால் சென்டரில் யாருக்கு யார் முழங்கால் தெரியப்போகிறது. காவல்காரர் கூண்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். "தம்பி, அந்த முட்டியோட உள்ள போக முடியாது." "ஆலோசகர் மேடம் வரச்சொல்லியிருக்காங்க ஐயா, அவசரம்." "உனக்கு அவசரம். முட்டிக்கு என்ன அவசரம்?" அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழுப்பு நிறக் கால்சட்டை தொங்கியது, என்னைப்போல் வருகிற அப்பாக்களுக்காக. எடுத்து நீட்டினார். "பயப்படாத, தொவச்சதுதான். போன வாரம் ஒரு டாக்டரே இதப் போட்டுக்கிட்டுத்தான் சிஸ்டரப் பாக்கப் போனாரு." அரைக்கால் சட்டையின் மேலேயே மாட்டினேன். இடுப்பில் தொளதொளப்பு, நீளம் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளி, தாழ்வாரம் எலுமிச்சைத் தரைக்கழுவி வாசனை அடித்தது, ஆலோசகர் அறைக்கு வெளியே மரப்பெஞ்சு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையின் பெரிய உண்மையைச் சொல்ல வந்தவனின் கோலம் இது.

ஆனால் சொல்லப்போகிறேனா... நேற்று சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்ப ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது யூலி அடுப்படியில் சலாமி இறைச்சித் துண்டுகளைப் பொரித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "அண்ணா, ஸ்கூல்லேர்ந்து லெட்டர் வந்துச்சில்ல, அது ஹோம்வொர்க் விஷயம் இல்ல. அம்மாகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். நீ எழுதின ரெண்டு வரிய அந்த சாஃப்ட்வேர் புடிச்சு ஸ்கூலுக்கு அனுப்பிருச்சு. நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்." எனக்குக் கை நின்றுவிட்டது. "எந்த ரெண்டு வரி?" என்றேன், எந்த இரண்டு வரி என்று தெரிந்துகொண்டே. "நடிக்காத. நாளைக்கு மேடம் கேட்டா வாயத் தொறக்காத. சோகமா மூஞ்சிய வச்சுக்க, உனக்கு அது தானா வரும்." தட்டை என் பக்கம் தள்ளினாள். பதினைந்து வயது. அம்மா தொழிற்பேட்டையில் மருத்துவ உடுப்பு தைக்கிறாள், ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாதத்து வருகைப்படி போய்விடும், அதனால் எனக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம் எழுதித் தந்துவிட்டு, "ஹோம்வொர்க் ஏன் லேட்டுன்னு நீயே கேட்டுச் சொல்லு, பெரிய மனுஷா" என்றாள். பெரிய மனுஷன். பல்கலைக்கழகத்தில் மூன்றாவது செமஸ்டரோடு நின்றவன்.

அந்த மென்பொருளை நிறுவியதும் நான்தான், அதை நினைத்தால்தான் எரிச்சல். ஆகஸ்டில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது, சொந்தக் கணினி கொண்டுவரும் எல்லோரும் இந்தக் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுக்கொண்டால்தான் வகுப்பில் அனுமதி என்று, பார்க்கும் பக்கங்கள், தட்டும் எழுத்துகள், எல்லாம். அம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள், நான் கணினியில் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், அடுத்து, முடி என்று தட்டிக்கொண்டே போனேன், ஒரு வரி படிக்கவில்லை. இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம் என்று ராத்திரிக்கு எண்பது தடவை சொல்கிறவன், என் திரையையும் சிறுநீர் கழிக்கப் போகிற நிமிடங்களையும் யாரோ எண்ணிக்கொண்டிருக்கிற இடத்தில் நான்கு வருடம் உட்கார்ந்தவன், எனக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. இருந்தாலும் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். கணினியில் இரண்டு கணக்கு வைத்தேன், யூலிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மென்பொருள் அவள் கணக்கில் மட்டும். என் பக்கம் என் பக்கம். எல்லாம் சரியாக இருந்தது, மின்சாரத்தைத் தவிர. எங்கள் பேட்டையில் ஒரு நாளைக்கு நான்கு தடவை கரண்ட் போகும், பாட்டரி செத்த கணினி கூடவே சாகும், கரண்ட் வந்ததும் உயிர்த்து நேராக யூலியின் கணக்கில்தான் திறக்கும், அவள் கடவுச்சொல்லை மறந்துமறந்து அழுததால் நானே அதை எடுத்துவிட்டிருந்தேன். விடியற்காலை ஐந்துக்கு வேலை முடிந்து வருவேன், தூக்கம் வராது, எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன், யாருக்கும் இல்லை, சும்மா, கரண்ட் போனது, ஃபேன் நின்றது, தெருவில் யாரோ அரசாங்கத்தின் அம்மாவைத் திட்டினார்கள், கரண்ட் வந்தது, நான் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து மேற்கொண்டு தட்டினேன். திரையின் பின்னணியில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்திருக்கவேண்டும். என் கணக்கில் பூனை கிடையாது. அடுத்த வாரமும் அதே மாதிரி, அதே பக்கம் திறந்தே கிடந்தது, வசதியாகக் கீழே எழுதினேன். மடையன்.

சரி, இப்போது. வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அவளை வாராவாரம் இந்த அறையில் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள், சொல்லாததை எழுதாததை அவள் சுமக்கவேண்டும், அவள் பெயரில் ஒரு கோப்பு, நாளைக்குக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது எவனாவது அதைத் திறந்து பார்ப்பான். வாயைத் திறந்தால்? போன வருடம் ஒரு பையனின் மாமா அவன் கணினியில் பார்க்கக்கூடாத படங்களைப் பார்த்தார், பாதிரியார் ஆக ஆசைப்பட்ட பையன், ஏழாவது விதியில் ஜூனோடு வெளியே போனான், மாமா இன்னும் அதே பேட்டையில் டோமினோ ஆடிக்கொண்டிருக்கிறார். நான் அந்த மாமா ஆகப்போகிறேனா? ராத்திரி முழுக்க இதுதான், ஹெட்செட்டில் ஒரு கிழவர் கேபிள் டிவி வரவில்லை என்று கத்துகிறார், நான் சிரித்த குரலில் ரிமோட்டைக் கையில் எடுங்கள் ஐயா என்கிறேன், உள்ளே சொல்வதா வேண்டாமா... நான்கு மணிவாக்கில் முடிவு செய்துவிட்டேன். சொல்வது. உதவித்தொகை போனால் நான் இன்னொரு ஷிஃப்ட் எடுப்பேன், மிச்சப் பாதியையும் கட்டுவேன், கட்ட முடியாவிட்டால் அரசுப் பள்ளி, அங்கேயும் மனிதர்கள்தான் படிக்கிறார்கள். என் களைப்பை அவள் பெயரில் எழுதிவைக்கக்கூடாது. கார் பாலத்தில் நின்றபோது கொஞ்சம் தளர்ந்தேன், அவ்வளவுதான், இப்போது மறுபடி உறுதி. ஒன்பது ஐம்பது. கதவு திறந்தது.

ஆலோசகர் பெத்தான்ஸெஸ் அம்மாள் நான் நினைத்ததைவிட இளையவள், மேசையில் பாதி தின்ற பிஸ்கட்டு, என் கால்சட்டையைப் பார்த்ததும் கண்ணால் மட்டும் சிரித்து, "எங்க ஸ்கூல் டிரஸ் போட்டுட்டீங்கபோல" என்றாள். நல்லவளாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. "அம்மா வரலையா?" "வேலை மேடம். நான் அண்ணன். வில்கின்." கடிதத்தை வாங்கிப் படித்தாள். "வீட்ல யூலி எப்படி இருக்கா?" "நல்லாத்தான் இருக்கா." "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றவள் ஒரு தாளை எடுத்தாள், உடனே கொடுக்கவில்லை. "காலைல அஞ்சு இருபத்திரண்டுக்கு ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு ஏன் தூங்காம உக்காந்திருக்கா, சொல்லுங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. நீங்க அந்த நேரத்துக்கு வேலைலேர்ந்து வருவீங்களாமே, பாக்கலையா?" இதுதான் இடம். மேடம், உட்கார்ந்திருந்தது நான். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "மேடம், அது வந்து..." என்றேன். "இருங்க, மொதல்ல படிங்க" என்று தாளை என் பக்கம் திருப்பினாள். "மூணாவதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

மூணாவதா? அச்சடித்த ஸ்கிரீன்ஷாட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்று. மார்ச் ஐந்து, வியாழன், காலை ஐந்து இருபத்திரண்டு: நாளைக்கு நான் எழுந்திருக்காமல் போனால் என் இடத்தில் வேறு யாராவது உட்காருவார்கள், ஒன்றும் ஆகாது. என்னுடையது. அச்சில் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. மார்ச் பதினொன்று, புதன், காலை ஐந்து முப்பத்தொன்பது: சாகவேண்டும் என்று இல்லை, இருந்துகொண்டே இருப்பதுதான் களைப்பு. என்னுடையது. மார்ச் பதினேழு, செவ்வாய், காலை பத்து இருபது. அதே பக்கம், என் இரண்டு வரிகள், அவற்றின் கீழ் ஒரே ஒரு வார்த்தை: எனக்கும். "கணக்கு கிளாஸ் நடுவுல அந்தப் பக்கத்தத் திறந்து, தனக்குத்தானே பதில் எழுதியிருக்கா பாருங்க" என்றாள் ஆலோசகர். செவ்வாய் பத்து இருபதுக்கு நான் வீட்டில் ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். கணினி பள்ளியில், அவள் பையில், அவள் மேசையில். ரெண்டு வரிதான் என்று சலாமியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்... அப்படியென்றால் முன்பே படித்திருக்கிறாள், படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவளிடம் கடைசியாக எப்போது என்ன கேட்டேன், பரீட்சை எப்போ, சார்ஜர் எங்கே, வேறு? இப்போது நான்தான் எழுதினேன் என்று சொன்னால் இந்த அம்மாள் நம்புவாள், ஐந்து மணிக்கணக்கு பொருந்துகிறது, மூன்றாவதை அண்ணன் எழுதியதைப் பார்த்து விளையாட்டாய்த் தட்டியது என்று ஒதுக்கிக் கோப்பை மூடுவாள், அந்த ஒரு வார்த்தையும் என்னோடு சேர்ந்து போய்விடும், யாரும் அவளிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. இரண்டு மட்டும் என்னுடையது, மூன்றாவது நிஜமாகவே அவளுடையது என்று சொன்னால் உதவியும் போகும், வார்த்தையும் அவள் பெயரில் நிற்கும். சும்மா இருந்தால் என் இரண்டு வரிக்காக அவளை இங்கே உட்காரவைப்பார்கள், உட்கார்ந்து மூன்றாவதைப் பற்றிப் பேசுவாளோ என்னவோ.

"ஏதோ சொல்ல வந்தீங்க" என்றாள். "இல்ல மேடம். அது வந்து... நான் கவனிக்கல." இது பொய் இல்லை. பன்னிரண்டு வாரம், வெள்ளிதோறும் யூலி இங்கே வந்து பேசட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்றாள், எங்கே கையெழுத்து என்று காட்டினாள். போட்டேன், இந்தத் தடவை எல்லா வரியையும் படித்துவிட்டு. "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க வில்கின்" என்றாள் நான் எழுந்தபோது, "நீங்க நல்லாத் தூங்குறீங்களா?" நல்லாத் தூங்குறேன் மேடம் என்றேன், உதடு தானாக விரிந்தது.

தாழ்வாரத்தில் இடைவேளை மணி, சீருடைகள், வறுத்த மாவு வாசனை. யூலி தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், தோளில் அந்தப் பை, அதற்குள் அந்தக் கணினி. "சொல்லிடலையே?" "சொல்லல." "அப்பாடா." என் மூஞ்சியையே ஒரு நிமிடம் பார்த்தாள், தாளைப் பார்த்தேனா என்று கேட்பாள் என நினைத்தேன், நான் கேட்கவேண்டும், அந்த 'எனக்கும்' என்றால் என்ன, எப்போதிலிருந்து, ஒரு வாக்கியம், மூன்று நொடி... "இது யாரு கால்சட்டை? ஐயோ, கடவுளே, கணுக்கால் தெரியுது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள், இன்னும் சிரித்தாள். நல்ல சிரிப்பு, எங்கே ஏறவேண்டுமோ அங்கே ஏறி, எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. எனக்கு அது தெரிந்த சிரிப்பு. நான்கு வருடமாக ராத்திரிக்கு எண்பது தடவை நான் சிரிக்கிறது. இரண்டு வாரப் பயிற்சியில் என் சூப்பர்வைசர் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் எனக்கு வந்தது, இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி, கால்சட்டையைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்கு நடந்தேன்.