கடுக்காய்த் தண்ணீர்

நான் விற்பது துருமாற்றி. தடவினால் இரும்பின் சிவப்புத் துரு கறுத்து இறுகிவிடும். அதன்மேல் பெயின்ட் அடிக்கலாம். துருவை மாற்றுவது டானிக் அமிலம்; கடுக்காயிலிருந்து எடுப்பது. டப்பாவில் பச்சை இலைப் படமும் 'மூலிகைத் தயாரிப்பு' என்ற எழுத்தும் இருக்கும். கடலோரத்தில் இரும்பு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தேவை.

முதன்முதலில் செய்யூரில் இதைச் செய்துகாட்டியபோது ஒரு வெல்டர் கேட்டான்: "எங்களுக்கே கடுக்கா குடுக்கறியா அண்ணாத்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் டப்பாவுக்குள் விரலை விட்டு நக்கிக் காட்டினேன். துவர்த்தது. கொண்டுபோனது அத்தனையும் விற்றது. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் நக்கினேன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். டப்பாவோடு வரும் ஆங்கிலத் தாளை முழுக்கப் படித்திருந்தேன். டானிக் அமிலத்துக்குக் கீழே ஒரு கரைப்பானின் பெயர் இருந்தது. மூடிய இடத்தில் தெளிக்கக் கூடாது, காற்று ஓட வேண்டும், கையுறை போட வேண்டும் என்றும் இருந்தது. யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. கேட்டவர்களும் இல்லை.

ரூத் கேட்டாள். என் மனைவி. பெயின்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தண்ணீர் வைக்கும் இரும்பு டேங்குக்கு உள்ளே அடிக்க எங்கள் சரக்கை வாங்கியிருந்தார்கள். காலையில் கருங்குழி வீட்டில் சோறு கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு உன் மருந்துதான் அடிக்கணும். நெடி வருமா?"

"கடுக்கா தண்ணிதான். உங்கம்மா டெய்லி குடிக்கல?"

அந்த டேங்கில் ஆள் இறங்க மேலே ஒரே ஓட்டை. உள்ளே ஸ்பிரே அடித்திருக்கிறாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. இருபத்தாறு வயது. எட்டு மாதம் ஆகிறது.

பதினைந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். நக்குவதை நிறுத்தினேன். அதைத் தவிர எதையும் மாற்றவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரிக்கு டப்பா கொண்டுபோனேன். சூப்பர்வைசர் பிரவின்குமார் ஓர் இரும்பு டேங்கின் மேல் நின்றிருந்தான். பெயின்ட் வேலைக்கு வந்த ஸ்ரீதேவி ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு, ஒரு காலை ஓட்டைக்குள் விட்டிருந்தாள்.

"வா அண்ணாத்த! அக்கா பயந்துகினு கீது. நக்கிக் காட்டுவியாமே, காட்டு," என்றான் பிரவின்குமார்.

"இறங்காதீங்க," என்றேன்.

"இன்னாது?"

"உள்ள ஸ்பிரே அடிக்கக் கூடாது. பிரஷ்லதான் அடிக்கணும். அதுக்கும் ப்ளோயர் வச்சி காத்து விடணும், மாஸ்க் போடணும், மேல ஒரு ஆள் நின்னுகினே இருக்கணும். கடுக்காயால ஒண்ணும் ஆவாது. கூட ஒரு கெமிக்கல் கீது. மூடின எடத்துல அது ஆளச் சாச்சிடும்."

பிரவின்குமார் சிரித்தான். "யோவ், உன் சரக்க நீயே கெடுத்துகினு கீற. டப்பால எல போட்டுகீது, பாக்கல?"

ஸ்ரீதேவி காலை வெளியே எடுத்தாள். "ரிசார்ட்டு டேங்குல ஒரு பொண்ணு செத்துச்சே, கருங்குழிக்காரி. அது இத்த அடிச்சிதானா?"

"ஆமா. என் வூட்டுக்காரி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பொண்ணாண்ட இத்தயெல்லாம் சொன்னியா?"

"மூலிகைன்னு சொன்னேன்."

ஸ்பிரேயரைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் இறங்கி வந்தாள். என்னைத் தாண்டும்போது, "படிச்சவனாம்," என்றாள்.

பிரவின்குமார் அதற்குள் போனில் இருந்தான். "தெய்வநாயகி, வேல கீது, வர்றியா? இன்னா பயம்? மூலிகதான்."

நான் ஏணியில் ஏறினேன். டேங்கின் மூடியை இழுத்து ஓட்டை மேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரி மச்சான். பேஜார் பண்ணாத."

வெயிலில் மூடி சுட்டது. எழவில்லை. அவன் எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டு, எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பச் சொன்னான். சரி என்றார்கள்.